பியானோ கம்பியில் சாவி! விண்வெளிக் கதைக்கு ஓசை பிறந்த விதம்

ஓர் உடைந்த பியானோ. அதன் உள்ளே தடித்த கம்பிகள். வீட்டுக் கதவின் சாவியை எடுத்து, அந்தக் கம்பியில் ஒருவர் அழுத்தித் தேய்த்தார். "கர்ர்ர்" என்று ஓசை எழுந்தது. அந்த ஓசையை ஒலிப்பதிவு நாடாவில் பிடித்தார். பிறகு முன்னும் பின்னும் ஓட்டி மாற்றி அமைத்தார்.

அவ்வளவுதான்! காலத்தைக் கடந்து செல்லும் யந்திரம் கிளம்பிவிட்டது!

அவர் பெயர் பிரையன் ஹாட்ஜ்சன். இங்கிலாந்தில் பி.பி.சி.யின் "ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்" என்ற ஒலிக்கூடத்தில் வேலை பார்த்தவர்.

13-ம் நம்பர் அறை

1958-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டனில், மைடா வேல் என்ற இடத்தில், 13-ம் நம்பர் அறையில் இந்தக் கூடம் தொடங்கியது. டாப்னி ஓரம் என்ற பெண்மணியும், டெஸ்மண்ட் பிரிஸ்கோ என்பவரும் இதற்காகப் பாடுபட்டவர்கள்.

ரேடியோ நாடகங்களுக்கும் டெலிவிஷன் கதைகளுக்கும் புதுமையான ஓசை தேவைப்பட்டது. வேற்றுக்கிரக மனிதன் எப்படிக் கத்துவான்? ராக்கெட் எப்படி உறுமும்? வயலினும் புல்லாங்குழலும் இதற்கு உதவுமா?

பழைய கருவிகள்தான் இவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் மூளை பழையது அல்ல! தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் வாத்தியம் ஆயிற்று. விளக்கின் மூடியைத் தட்டுவார்கள். தட்டிய சத்தத்தை வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் வரும் ரீங்காரத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

அபாயச் சங்கு கேட்ட சிறுமி

1962-ல் இந்தக் கூடத்துக்கு ஒரு பெண் வந்தார். பெயர் டெலியா டார்பிஷயர். கவெண்ட்ரி நகரில் 1937-ல் பிறந்தவர்.

இரண்டாம் உலகப்போரில் அந்த நகரத்தின்மீது ஜெர்மன் விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. அபாயச் சங்கு ஊதும். பிறகு அபாயம் நீங்கியதற்கும் சங்கு ஊதும். "மின்சார ஓசைகளில் எனக்கு ஆசை பிறக்க அந்தச் சங்குகளும் காரணம்" என்று பிற்காலத்தில் அவர் சொன்னார்.

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். ஓர் இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை கேட்டார். "ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பது இல்லை" என்று கூறிவிட்டார்கள்!

"இது நான் எழுதியதா?"

1963-ல் "டாக்டர் ஹூ" என்ற விஞ்ஞானத் தொடர்கதையை பி.பி.சி. டெலிவிஷன் தயாரித்தது. அதன் முகப்பு இசைக்கு ரான் கிரைனர் என்பவர் மெட்டு எழுதினார். ஒரே ஒரு தாள்! அதற்கு ஓசை கொடுக்கும் வேலை டெலியாவிடம் வந்தது.

அப்போது அங்கே இன்று உள்ளதுபோன்ற மின்னணு வாத்தியம் கிடையாது. ஒரு கம்பியைச் சுண்டி அந்த ஒலியைப் பதிவு செய்தார். நாடாவை வேகமாக ஓட்டினால் ஸ்வரம் ஏறும். மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி ஒவ்வொரு ஸ்வரமாகத் தயாரித்து, நாடாவை அளந்து, பிளேடால் வெட்டி ஒட்டினார். டிக் மில்ஸ் என்பவர் உடன் இருந்து உதவினார்.

இசையைக் கேட்ட கிரைனர் திகைத்தார்.

"இது நான் எழுதியதா?" என்று கேட்டார்.

"பெரும்பகுதி நீங்கள் எழுதியதுதான்" என்றார் டெலியா.

நவம்பர் 23-ந் தேதி கதை ஒளிபரப்பாயிற்று. நாடே அந்த இசையைக் கேட்டது. ஆனால் டெலியாவின் பெயர் திரையில் வரவில்லை! வருமானத்தில் பாதியைக் கொடுக்க கிரைனர் முன்வந்தார். பி.பி.சி.யின் விதி இடம் தரவில்லை. கூடத்தின் பெயரை மட்டுமே போட்டார்கள்.

பரணில் கிடந்த பெட்டிகள்

1973-ல் டெலியா வேலையை விட்டு விலகினார். எரிவாயுக் குழாய் பதிக்கும் இடத்தில் ரேடியோ தொடர்பாளராகக்கூட வேலை பார்த்தார். செலவுக் கணக்கு பார்த்த நிர்வாகம், 1998-ல் ஒலிக்கூடத்தையும் மூடியது.

2001-ல் டெலியா காலமானார். அவர் வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கிடைத்தன. இப்போது அவை மான்செஸ்டரில் பத்திரமாக உள்ளன.

2013-ல் "டாக்டர் ஹூ" 50-ம் ஆண்டு விழாப் படம் வெளியாயிற்று. அதன் முடிவில், முதல் தடவையாக, டெலியா டார்பிஷயர் என்ற பெயர் திரையில் தெரிந்தது!

2017-ல் கவெண்ட்ரி பல்கலைக்கழகம் அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் அளித்தது.

"டாக்டர்" கதைக்கு இசை கொடுத்தவரே டாக்டர் ஆனார். அதைக் காணத்தான் அவர் இல்லை.