பள்ளிக்கூடத்துச் சாலையில் வேக வழக்கு

பள்ளிக்கூடம் உள்ள சாலையில் வேகமாக ஓட்டியதாகக் கொடுக்கப்படும் அபராதச் சீட்டு தீர்ப்பு அல்ல. விஷயத்தைப் பணத்தோடு முடித்துக்கொள்ள ஓர் அழைப்பு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு அந்தச் சமரசத்துக்கு வழி வைத்திருக்கிறது. கட்ட மறுத்தால், குற்றத்தை மாஜிஸ்திரேட் முன் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு போலீஸைச் சேர்ந்தது. எந்தக் கோர்ட் என்பதைச் சம்பவ இடம்தான் தீர்மானிக்கும். மஞ்சக்குப்பத்தில் பிடிபட்டால் கடலூர் நீதிமன்றம், மேல வீதியில் பிடிபட்டால் சிதம்பரம் நீதிமன்றம். வண்டிக்காரர் விருத்தாசலத்தில் குடியிருந்தாலும் வழக்குக்கு அங்கேதான் போக வேண்டும்.

அதிவேகத்துக்கான தண்டனை 183-ஆவது பிரிவில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கார் போன்ற இலகுரக வண்டிகளுக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை, பேருந்து, லாரி போன்றவற்றுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. பள்ளி அருகே என்பதற்காக இந்தத் தொகை கூடுவதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளி எல்லைக்குள் அபராதம் இரட்டிப்பாகும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஏதும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், ஒலி விஷயத்தில் சட்டம் பள்ளியைத் தனியாகக் கவனிக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். ஹாரனுக்கு இருக்கும் எல்லை வேகத்துக்கு இல்லை.

அப்படியானால் பள்ளிச் சாலையில் எவ்வளவு வேகம் வரை போகலாம்? வழக்கின் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் யாரும் கேட்காமல் விடும் கேள்வியும் இதுதான். மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை நகராட்சி எல்லைக்குள் காருக்கு மணிக்கு 70 கிலோமீட்டர், இருசக்கர வாகனத்துக்கு 60, ஆட்டோவுக்கு 50 என்று உச்ச வேகத்தை வகுத்தது. கடலூர் இம்பீரியல் சாலையில் காலை எட்டரை மணிக்கு எழுபதில் போக யாராலும் முடியாது என்பது வேறு விஷயம். இதைவிடக் குறைந்த வேகத்தை ஒரு குறிப்பிட்ட சாலைக்கு விதிக்க வேண்டுமானால், 112-ஆவது பிரிவின்படி மாநில அரசோ அது அதிகாரம் அளித்தவரோ இரண்டு காரியம் செய்ய வேண்டும். அரசிதழில் அறிவிக்கை வெளியிட வேண்டும். சாலையில் பொருத்தமான இடத்தில் பலகை வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாடு என்றால் மட்டும் அறிவிக்கை தேவையில்லை.

பலகையிலும் வகை உண்டு. சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் பிள்ளைகள் நடப்பது போன்ற படம் எச்சரிக்கைப் பலகை. முன்னால் பள்ளி இருக்கிறது, பார்த்துப் போ என்று மட்டும் அது சொல்கிறது. சிவப்பு வட்டத்துக்குள் 30 என்று எழுதியிருந்தால்தான் அது வேகக் கட்டளை. முக்கோணத்தை மட்டும் பார்த்துவிட்டு நாற்பதில் போனவர் மீது 183-இன் கீழ் வழக்குப் போட்டால், எந்த வரம்பை மீறினார் என்று போலீஸ் காட்ட வேண்டும். வட்டப் பலகை இருந்தும் அது வேப்பங்கிளைக்குப் பின்னாலோ, காதுகுத்து ஃபிளெக்ஸுக்குப் பின்னாலோ மறைந்திருந்தால் அதுவும் கோர்ட்டில் சொல்லத்தக்க விஷயமே. சீட்டு வாங்கிய அன்றே ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்து, வண்டி வந்த திசையிலேயே எடுத்த படங்கள் இதற்கு உதவும். ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில் ஃபிளெக்ஸ் இருக்காது.

அடுத்தது வேகத்தை யார், எதைக்கொண்டு அளந்தார் என்பது. “வண்டி வேகமாக வந்தது” என்று ஒரே ஒரு சாட்சி தன் அபிப்பிராயத்தைச் சொன்னால், அதை மட்டும் வைத்து 183-இன் கீழ் தண்டிக்க முடியாது. அந்த அபிப்பிராயத்துக்குப் பின்னால் இயந்திரமோ மின்னணுக் கருவியோ இருக்க வேண்டும் என்று அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. கையில் கருவி இல்லாத காவலர் கண்ணளவில் எழுதிய சீட்டு வேறு சாட்சி இல்லாவிட்டால் இங்கேயே விழுந்துவிடும். ரேடார் கன் இருந்தால் வேறு கேள்விகள் வரும். ரேடார் கதிர் போகப் போக விரியும். பள்ளி விடும் நேரத்து நெரிசலில் திரையில் வந்த எண் எந்த வண்டிக்குரியது என்று கேட்கலாம். லேசர் கருவியின் கதிர் குறுகியது, அந்தச் சந்தேகம் குறைவு. கருவி கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதும் முக்கியம். வேகம் அளக்கும் ரேடார் கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகளில் புதிதாகச் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கே பலர் நம்பிச் சொல்லும் ஒரு வாதம் அவர்களையே கவிழ்க்கும். கருவியைச் சாய்வாகப் பிடித்ததால் வேகம் கூடுதலாகப் பதிவானது என்பார்கள். நிலையாக நின்று அளக்கும் கருவியில் சாய்வு வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும். 60-இல் வரும் வண்டியை 20 டிகிரி சாய்வில் அளந்தால் ஏறக்குறைய 56 என்று வரும். இந்த வாதத்தை எடுத்தவர், தாம் இன்னும் வேகமாக வந்ததாக ஒப்புக்கொண்டவர் ஆகிறார்.

கேமரா அனுப்பிய இ-சலானுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 167ஏ விதி பொருந்தும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும். கேமரா கண்காணிப்பு இருப்பதை அறிவிக்கும் பலகை சாலையில் இருக்க வேண்டும். சலானில் குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான ஆயுதம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 209-ஆவது பிரிவு. சம்பவ இடத்திலேயே வழக்கு வரலாம் என்று எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாளுக்குள் குற்றத்தின் தன்மை, நேரம், இடம் குறிப்பிட்ட நோட்டீஸை நேரிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பியிருக்க வேண்டும். அல்லது 28 நாளுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தண்டனை கிடையாது. முயன்றும் முகவரி கண்டுபிடிக்க முடியாதபோதும், ஓட்டுநரே ஏய்த்தபோதும் மட்டும் விலக்கு உண்டு. பிரிட்டனின் சாலைச் சட்டத்திலும் இதே 14 நாள் உண்டு. கவனிக்க வேண்டியது, 167ஏ விதி நோட்டீஸுக்கு 15 நாள் தருகிறது. பதினைந்தாம் நாள் அனுப்பிய நோட்டீஸ் விதிக்குச் சரி, சட்டத்துக்குப் பிந்தியது. சட்டம் பதிவுத் தபால் என்று சொல்லும்போது, செல்போனுக்கு வந்த குறுஞ்செய்தி போதுமா என்று வாதிடவும் இடமுண்டு.

கேமராவுக்கு நம்பர் பிளேட் தெரியும், ஓட்டியவர் முகம் தெரியாது. அதனால் சலான் உரிமையாளர் பெயருக்கு வரும். அன்று மைத்துனர் ஓட்டினார் என்றால் அவர் பெயரையும் முகவரியையும் கொடுக்க 133-ஆவது பிரிவு உரிமையாளரைக் கட்டாயப்படுத்துகிறது. தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

கடலூர்–சிதம்பரம் தடத்தில் தனியார் பேருந்துகளின் டைமிங் தகராறு தெரியாதவர் இல்லை. வேக வரம்பை மீறாமல் முடிக்க இயலாத நேர அட்டவணையைக் கொடுத்தால், அந்த அட்டவணையே முதலாளிக்கு எதிரான முதல்நிலைச் சாட்சியம் என்று 183-ஆவது பிரிவே சொல்கிறது. அபராதம் கட்டும் டிரைவர்கள் இதைக் கோர்ட்டில் எடுத்துக்காட்டலாம். வேலை போய்விடும் என்ற பயம்தான் குறுக்கே நிற்கிறது.

இந்தப் பாதுகாப்புகளில் சில எல்லாக் குற்றச்சாட்டுக்கும் வராது. பிள்ளைகள் கடக்கும்போது உரசிப் போனதாகச் சொல்லி 184-ஆவது பிரிவான அபாயகரமாக ஓட்டுதலில் வழக்குப் போட்டால், அளக்கும் கருவி வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை கூட விதிக்கலாம். சம்மனில் முதலில் பார்க்க வேண்டியது பிரிவு எண்ணைத்தான்.

கோர்ட்டில் நடப்பது சுருக்கமானது. இணைய வழி மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போன சலான் என்றால், எதிர்த்து வழக்காடுவதாகத் தேர்வு செய்தால் அது வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். வழக்கு நாளில் டவாலி பெயர் கூப்பிட்டதும் கூண்டருகே போக வேண்டும். வக்கீல் மூலமும் ஆஜராகலாம். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி “ஒத்துக்கிறீங்களா?” என்று கேட்பார்கள். பழக்கத்தில் தலையாட்டிவிட்டால் கதை முடிந்தது. ஒப்புக்கொண்டவர் அபராதத்தின் அளவையோ சட்டப்பூர்வத்தையோ தவிர வேறு எதற்கும் மேல்முறையீடு செய்ய முடியாது. மறுத்தால் வாய்தா போடுவார்கள், சீட்டு எழுதிய அதிகாரி சாட்சி சொல்ல வருவார். பலகை எங்கே, அறிவிக்கை எது, கருவி எண் என்ன, சான்று எப்போது எடுத்தது என்று குறுக்கு விசாரணை செய்யலாம். அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றம் என்பதால் ஆறு மாதத்துக்குப் பின் கோர்ட் இதை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது.

ஆயிரம் ரூபாய்க்காக இரண்டு மூன்று வாய்தாவுக்கு நாள்கூலியை விட்டு வருவது பலருக்குக் கட்டுப்படியாகாது. வேகமாக ஓட்டியது உண்மையென்றால் கட்டிவிடுவதே நியாயமும்கூட. ஆனால் லைசென்ஸே பிழைப்பாக உள்ளவருக்குக் கணக்கு வேறு. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் சொன்னபடி, அதிவேகத்துக்கு லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் முடக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ சிதம்பரம் வட்டக் குழுவையோ அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு.

தோற்றால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். ஜெயித்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிச் சலான் நிலுவையை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். நீக்காமல் விட்டால், வண்டியை விற்கவோ எஃப்.சி. எடுக்கவோ ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும் நாளில் அந்தப் பழைய சலான் முட்டுக்கட்டையாக வந்து நிற்கும்.