ஸ்டெப்னி இல்லாத கார்

சாலையோர உதவி வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது வந்து சேரும்வரை என்ன செய்வது என்பதே கேள்வி. 1033 என்ற உதவி எண் தேசிய நெடுஞ்சாலைகளுக்கானது. கோவில்பட்டி வழியே செல்லும் 44க்கும் புளியங்குடி வழியே செல்லும் 744க்கும் இடைப்பட்டது எங்கள் மேலநீலிதநல்லூர். காப்பீட்டோடு கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறும் உதவியும் ஏதோ ஒரு நகரத்திலிருந்துதான் புறப்பட்டு வர வேண்டும்.

இந்நிலையில், 2020இல் மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் எனக்குக் கவலையளிக்கிறது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் பெட்டி ஆகியவை இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆணி குத்திய துளையை அப்பெட்டி அடைக்கும். டயரின் பக்கவாட்டில் விழுந்த கிழிசலை அடைக்காது. கிராமச் சாலையின் உடைந்த விளிம்பு பதம் பார்ப்பதோ அந்தப் பக்கவாட்டைத்தான். புதிய கார் வாங்குவோர் முதலில் டிக்கியைத் திறந்து பார்க்கட்டும். ஸ்டெப்னி இருந்தால், அதில் காற்று இருக்கிறதா என்பதையும் மாதம் ஒருமுறை பார்க்கட்டும்.