கோச்சை மாத்தினா அணி தப்பிக்குமா? லெஸ்டர் ரசிகர்களின் தீராத பஞ்சாயத்து!

கால்பந்து அணி தொடர்ந்து நாலு மேட்ச் தோற்றால் போதும்... "முதல்ல கோச்சை தூக்குங்கப்பா!" என்று ரசிகர்கள் கிளம்பி விடுவார்கள். "ஆளை மாத்தினா மட்டும் கோல் விழுந்துடுமா?" என்று இன்னொரு கோஷ்டி மல்லுக்கு நிற்கும்.

இதில் யார் சொல்வது சரி? இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி அணியின் 10 வருஷ கதையில் இரண்டு பேருக்குமே ஆதாரம் இருக்கிறது. குஜராத்திகள் உள்பட இந்திய வம்சாவளியினர் ஏராளமாக வாழும் ஊர் லெஸ்டர்.

கடைசி 3 அணி அவுட்

ஐ.பி.எல். கிரிக்கெட்டில் கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த வருஷம் அதே போட்டியில் ஆடலாம். இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் அது நடக்காது. மொத்தம் 20 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1 புள்ளி. கடைசி 3 இடம் பிடிக்கும் அணிகள் 'சாம்பியன்ஷிப்' என்ற 2-வது டிவிஷனுக்கு இறக்கப்படும். அங்கிருந்து 3 அணிகள் மேலே வரும்.

கீழே இறங்கினால் டி.வி. வருமானம் பாதாளத்துக்குப் போகும். சில வருஷங்களுக்கு 'பாராசூட்' தொகை கிடைத்தாலும் அது ஈடாகாது. நல்ல வீரர்களை விற்க வேண்டியதுதான். அதனால்தான் அணி தடுமாறினால் முதல் அடி மானேஜர் தலையில் விழுகிறது. அங்கே கோச்சை மானேஜர் என்றே அழைப்பார்கள்.

மாற்றாமலும் தப்பியது

2014-15 சீசனில் லெஸ்டர் 140 நாட்கள் கடைசி இடத்தில் கிடந்தது. ஆனாலும் மானேஜர் நைஜல் பியர்சனை நிர்வாகம் சீசன் முடியும் வரை மாற்றவில்லை. கடைசி 9 ஆட்டங்களில் 7 வெற்றி! 14-வது இடம் பிடித்து அணி தப்பியது.

அடுத்து வந்தவர் இத்தாலியின் கிளாடியோ ரனியேரி. 2016-ல் லெஸ்டரை சாம்பியனாக்கி உலகையே அசத்தினார். ஆனால் 9 மாதம்தான். அணி மீண்டும் அபாய கட்டத்துக்கு வந்ததும் 2017 பிப்ரவரியில் அவருக்கே கல்தா! ரசிகர்கள் கொதித்தனர். துணை கோச் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் 5 லீக் ஆட்டங்களையும் ஜெயித்துக் காட்டினார். அணி 12-வது இடம் பிடித்தது. இந்த தடவை மாற்றியதால் தப்பியது.

மாற்றியும் மூழ்கியது

2021-ல் எப்.ஏ. கோப்பை வாங்கித் தந்தவர் பிரண்டன் ராட்ஜர்ஸ். 2023 ஏப்ரலில் 10 ஆட்டம் மிச்சம் இருக்கும்போது அவரும் நீக்கப்பட்டார். கடைசி 8 ஆட்டங்களுக்கு டீன் ஸ்மித் வந்தார். 2 வெற்றிதான் கிடைத்தது. கடைசி நாளில் ஜெயித்தும் பயனில்லை. 2 புள்ளியில் அணி கீழே போனது.

2024-ல் என்சோ மாரெஸ்கா தலைமையில் 97 புள்ளியுடன் மேலே ஏறியது. கையோடு அவரை செல்சி அணி கொத்திக்கொண்டு போய்விட்டது. அடுத்த மானேஜர் ஸ்டீவ் கூப்பர் 12 ஆட்டங்களில் 10 புள்ளி எடுத்து, 16-வது இடத்தில் இருந்தபோது நீக்கப்பட்டார். அதன்பின் முன்னாள் நட்சத்திரம் ரூட் வான் நிஸ்டல்ராய் வந்தும் மிச்ச 26 ஆட்டங்களில் கிடைத்தது வெறும் 15 புள்ளி. சொந்த மைதானத்தில் தொடர்ந்து 9 லீக் ஆட்டங்களில் ஒரு கோல் கூட இல்லாமல் தோல்வி! 2025 ஏப்ரலில், 5 ஆட்டம் பாக்கி இருக்கும்போதே மீண்டும் இறங்கியது.

"கூப்பரை விட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர் வேகத்திலேயே போயிருந்தாலும் 38 ஆட்டத்துக்கு 32 புள்ளி அளவில்தான் வந்திருக்கும். 17-வது இடம் பிடித்து தப்பிய டோட்டன்ஹாம் எடுத்தது 38!

உண்மையான ஓட்டை

2022-23 சீசனில் லெஸ்டரின் வருமானம் சுமார் 17 கோடியே 70 லட்சம் பவுண்டு. சம்பளத்துக்கு மட்டும் போனது 20 கோடி பவுண்டுக்கு மேல்! வரவை விட சம்பளமே அதிகம் என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்? இந்த ஓட்டையை எந்த மானேஜராலும் அடைக்க முடியாது.

2017-ல் மாற்றம் கைகொடுத்ததற்கு காரணம், முந்தின வருஷம் பட்டம் வென்ற வீரர்களில் பெரும்பாலோர் அணியில் இருந்தனர். 13 ஆட்டமும் மிச்சம் இருந்தது. ஆக, "கோச் யாரு?" என்று கேட்கும் முன் ரசிகர்கள் கேட்க வேண்டியது மூன்று. எத்தனை ஆட்டம் பாக்கி? கையில் எந்த வீரர்கள்? பணத்தை யார், எப்படி செலவு செய்தார்கள்?

வேலை போன மானேஜருக்கு வேறு கிளப் கிடைக்கும். டிக்கெட் வாங்கி அதே ஸ்டேடியத்தில், அதே சீட்டில் அடுத்த சீசனும் உட்காரப் போவது ரசிகன்தான்!