குளிசை அதேதான், உடம்பு மட்டும் ஏன் மாறியது?

லண்டனில் எங்கட சனத்தின் வீடுகளில் விடிந்ததும் முதலில் கேட்கிறது கேத்தல் கொதிக்கிற சத்தம்தான். என் வீட்டிலும் அப்படித்தான். ஒரு கையில் பால் தேத்தண்ணி, மறு கையில் லெவோதைரொக்ஸின் குளிசை. 9 வருடங்கள் இப்படியே போனது. ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் பழைய களைப்பு திரும்பி வந்தது. மத்தியானம் 2 மணிக்கே கண் சொருகும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மலச்சிக்கல் வேறு. "வயசு போகுதெல்லோ, அதுதான்" என்றார் கணவர். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அக்காவும் இதே குளிசைதான் எடுக்கிறா. போனில் சொன்னதும், "எனக்கும் உப்பிடித்தான் இருந்தது, கொஞ்சம் கூட்டிப் போடன்" என்றா. ஜிபியைப் பார்க்க மூன்று கிழமை, அக்காவிடம் ஆலோசனை கேட்க மூன்று நிமிடம். வீட்டில் பழைய 50 மைக்ரோகிராம் பெட்டி ஒன்று கிடந்தது. வழமையான 100 உடன் அதையும் சேர்த்து விழுங்கத் தொடங்கினேன்.

ஒன்றரை மாதத்துக்குள் வேறு கதை. இரவில் நெஞ்சு படபடவென்று அடிக்கும். கை நடுக்கம், நித்திரை இல்லை, பிள்ளைகளோடு காரணமில்லாத எரிச்சல். ஒரு சாமத்தில் மாரடைப்போ என்று பயந்தே போனேன். இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் கிட்டத்தட்ட பூச்சியம்.

இந்த டிஎஸ்எச் பலரையும் குழப்புகிற சாமான். அது தைரொயிட் ஹோர்மோன் இல்லை. தைரொயிட்டை வேலை வாங்க மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி போடுகிற அதட்டல். ஹோர்மோன் குறைந்தால் அதட்டல் கூடும், கூடினால் அதட்டல் அடங்கும். என்னுடையது அடங்கிப் போயிருந்தது என்றால் மருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். நீண்ட நாள் அப்படியே விட்டால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பும் தேயும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இரண்டுமே பெரிய ஆபத்து.

அப்படியென்றால் முதலில் ஏன் களைத்தேன்? அதைக் கண்டுபிடித்தது மருந்துக்கடையில் இருந்த பார்மசிஸ்ட் பிள்ளை. "குளிசையோடு வேறு என்ன எடுக்கிறீங்கள்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. எலும்புக்கு என்று கல்சியம் தொடங்கியிருந்தேன், அதையும் அதே தேத்தண்ணியோடு! கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகள் தைரொக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும், இரத்தத்துக்குப் போக விடாது. இடையில் குறைந்தது 4 மணித்தியாலம் இருக்க வேண்டும். பாலும் கோப்பியும் தேத்தண்ணியும் கூட உறிஞ்சுவதைக் குழப்பும். நான் அளவைக் கூட்டிய அதே நாட்களில் கல்சியம் போத்தல் முடிந்துபோய், வாங்க மறந்திருந்தேன். தடை நீங்கியது, மருந்தும் கூடியது. நெஞ்சு அடிக்காமல் என்ன செய்யும்?

எல்லாருக்கும் காரணம் கல்சியமாக இருக்காது. நெஞ்செரிவுக்கு எடுக்கும் ஒமெப்ரசோல் உறிஞ்சுதலைக் குறைக்கலாம். கர்ப்பம் என்றால் தேவை கூடும், அதுவும் முதல் கிழமைகளிலேயே. தெரிந்தவுடன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். முடிக்கு நல்லது என்று விற்கிற பயோட்டின் வேறு விதமான கள்ளன். அது சில ஆய்வுகூடங்களின் முடிவையே பிழையாகக் காட்டும், ஆகவே பரிசோதனைக்கு 2 நாள் முன்பாவது நிறுத்தச் சொல்கிறார்கள். கடையில் வேறு கம்பனியின் குளிசை தந்த பிறகு குணம் மாறினால் அதையும் சொல்லுங்கள். 2021இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, அப்படிப்பட்டவர்களுக்கு ஒத்துவருகிற ஒரே தயாரிப்பைத் தொடர்ந்து கொடுப்பதை யோசிக்கும்படி வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. உங்கட மனப்பிரமை இல்லை.

சில வேளை பழி தைரொயிட் மேல் விழும், குற்றவாளி வேறாக இருக்கும். இரத்தசோகை, பி12 குறைவு, விற்றமின் டி குறைவு எல்லாம் இதே களைப்பைத்தான் தரும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள், நீரிழிவுக்கு மெட்போர்மின் எடுக்கிறவர்கள் பி12ஐப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். "நோர்மல், ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று போனில் வருகிற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள். என்ன எண், போன முறை என்ன எண் என்று கேளுங்கள்.

அளவை மாற்றினால் அடுத்த நாளே பலன் தேடுவதும் வீண். இந்த மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஒரு கிழமை எடுக்கும். அதனால்தான் 6 முதல் 8 கிழமை கழித்து இரத்தம் எடுக்கிறார்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் மட்டும் எந்தக் கிழமையும் பார்க்காமல் 999.

இப்போது பழைய 100தான். கட்டில் அருகில் ஒரு கிளாஸ் தண்ணீர், குளிசை. தேத்தண்ணி அரை மணித்தியாலம் கழித்து. அந்த அரை மணித்தியாலம்தான் எனக்குப் பெரிய தண்டனை. கல்சியம் இரவுச் சாப்பாட்டோடு.

போன கிழமை அக்காவுக்கு எல்லாம் விளக்கினேன். "நீங்கள் குளிசையை எதோட போடுறனீங்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஏன், தேத்தண்ணியோடதான்" என்றா.