பொம்மை பேசட்டும், பிள்ளையின் உள்ளம் திறக்கட்டும்

வளர்ந்தவர்களாகிய நமக்குத் துன்பம் நேர்ந்தால் உற்றாரிடம் சொல்லி ஆறுதல் பெறுகிறோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அவ்வழி எளிதன்று. ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்லத் தெரியாத பிள்ளை, பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் ‘வயிறு வலிக்கிறது’ என்கிறது. தம்பி பிறந்தபின் தாயின் மடியை இழந்த ஏக்கத்தைச் சொல்ல இயலாத பிள்ளை, விட்டுப்போன பழக்கமாகிய படுக்கை நனைத்தலை மீண்டும் தொடங்குகிறது. பெற்றோரோ இதனை அடம் என்றும் பாசாங்கு என்றும் எண்ணி அதட்டி விடுகின்றனர். அதட்டப்பட்ட பிள்ளை மேலும் வாய்மூடிப் போகிறது. இத்தகைய பிள்ளையைப் பேச வைக்கும் எளிய துணை ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. அதுவே பொம்மை.

நம் மரபில் பாவை

பொம்மையைப் பாவை என்று அழைத்தனர் நம் முன்னோர். சங்க காலச் சிறுமியர் மணலாலும் கோரைப் புல்லாலும் பாவை செய்து விளையாடிய செய்தியை இலக்கியம் வாயிலாக அறிகிறோம். மரத்தில் கடைந்த மரப்பாச்சியும், எத்தனை முறை சாய்த்தாலும் நிமிர்ந்து நிற்கும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் தோழர்களாக இருந்து வந்துள்ளன.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலும் இம்மரபு தொடர்கிறது. நவராத்திரியின்போது சிராங்கூன் சாலைக் கோயில்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் கொலுப்படிகள் எழுகின்றன. கொலுப் பொம்மைகள் கண்டு வணங்குவதற்கு உரியவை. பிள்ளைகள் தொட்டு விளையாடலாகாது. நாம் இங்குக் கூறும் பொம்மையோ பிள்ளை தூக்கவும், அணைக்கவும், சில வேளைகளில் கோபத்தில் வீசி எறியவும் உரியது. கந்தல் துணியில் தாய் தைத்துக் கொடுத்ததாயினும் போதும். விலை முக்கியமன்று.

சிங்கப்பூர் காட்டும் வழி

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், புக்கிட் தீமா சாலையில், கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அமைந்துள்ளது. 1997ஆம் ஆண்டில் அது இப்போதைய இடத்திற்கு வந்தது. மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளின் அச்சத்தைப் போக்குவதற்கென்றே அங்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் பணியாற்றுகின்றனர். விளையாட்டே அவர்களின் கருவி. ஊசி போடப்படவிருக்கும் பிள்ளையிடம் ‘வலிக்காது’ என்று பொய் சொல்வதைவிட, பொம்மையின் கையில் ஊசி போடுவதுபோல் காட்டி, நடக்கப் போவதை விளக்குவது நல்ல முறையாகும். பின்னர்ப் பிள்ளையே மருத்துவராகிப் பொம்மைக்கு வைத்தியம் பார்க்கும். ‘அழாதே, அம்மா பக்கத்தில்தான் இருப்பார்’ என்று அது பொம்மையைத் தேற்றும்போது, தனக்கு என்ன வேண்டும் என்பதையே சொல்லிவிடுகிறது.

பாலர் பள்ளிகளிலும் உணர்வு வளர்ச்சிக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2003ஆம் ஆண்டில் பாலர் பள்ளிகளுக்கான பாடத்திட்ட வரைவை முதன்முதலாக வெளியிட்டது. 2012லும் 2022லும் அது திருத்தியமைக்கப்பட்டது. எண்ணும் எழுத்தும் போலவே, தன் உணர்வை அறிதலும் பிறர் உணர்வை மதித்தலும் கற்பிக்கத்தக்கவை என்பது அதன் கொள்கை.

ஏன் உதவுகிறது?

பிள்ளையிடம் ‘ஏன் அழுகிறாய்?’ என்று நேராகக் கேட்டால் அது விசாரணையாகி விடுகிறது. பொம்மை நடுவே வரும்போது பேச்சு பிள்ளையைப் பற்றியதாக இராமல் பொம்மையைப் பற்றியதாகிறது. ‘பொம்மைக்குக் கோபம்’ என்று சொல்வதற்குப் பிள்ளை அஞ்சுவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் வெளியிட்ட நூலில், விளையாட்டில் பிள்ளையே வழிகாட்டி என்றும், பெரியவர் அதனைப் பின்தொடர வேண்டும் என்றும் வலியுறுத்தினார். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 4 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. பொம்மையுடன் தனியே விளையாடும்போதும், பிறரைப் புரிந்துகொள்ள உதவும் மூளைப் பகுதி இயங்குவதை அவ்வாய்வு காட்டியது. ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது பொம்மை உற்பத்தி செய்யும் மாட்டெல் நிறுவனம் என்பதையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம்மவரிடையேயும் சான்று உண்டு. இலங்கையின் மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணாத்திப் பூங்கா, போரினால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டு, களிமண், கதை, ஓவியம் ஆகியவற்றின் வழியே ஆறுதல் அளித்தது.

வீட்டில் செய்யும் முறை

முதலாவதாக, பொம்மைக்கு ஒரு பெயரும் ஒரு குடும்பமும் வேண்டும். ‘இவள் பெயர் வள்ளி. இவளுக்கும் ஒரு தம்பி இருக்கிறான்’ எனத் தொடங்கலாம். இன்று சொன்னதை நாளை மாற்றலாகாது.

இரண்டாவதாக, பொம்மையின் நிலையைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ‘வள்ளி இன்று சாப்பிடவில்லை. ஏன் என்று தெரியவில்லையே’ என்றால் போதும். பிள்ளை காரணம் சொல்லும். சொல்லாவிடினும் குற்றமில்லை. மறுநாள் சொல்லக்கூடும்.

மூன்றாவதாக, உணர்வுக்குச் சொல் தர வேண்டும். பயம், கோபம், வெட்கம், பொறாமை, ஏக்கம் ஆகியவை வேறுவேறு என்பதைப் பொம்மையின் வாயிலாகவே கற்பிக்கலாம். சொல் கிடைத்த பிள்ளைக்குக் கடிக்கவும் அடிக்கவும் வேண்டிய தேவை குறைகிறது.

நான்காவதாக, பிள்ளை சொல்வதைத் திருத்தலாகாது. ‘தம்பியை வள்ளிக்குப் பிடிக்கவில்லை’ என்றால், ‘சீ, அப்படிச் சொல்லாதே’ என்று கடிந்து கொள்ளாமல், ‘வள்ளிக்கு அம்மா மடி வேண்டும் போலிருக்கிறது’ எனலாம். அன்று மாலையே அப்பிள்ளையைச் சற்று நேரம் மடியில் இருத்திக் கொண்டால், அதுவே தக்க பதிலாகும்.

இவற்றுக்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடங்கள் போதும். அதிகாலையில் பால்மரம் வெட்டவோ கொழுந்து பறிக்கவோ செல்லும் தாயும் மாலையில் ஒதுக்கக்கூடிய நேரமே இது. பிள்ளையை வளர்க்கும் பாட்டியும் இதனைச் செய்யலாம். ஆண்பிள்ளைக்குப் பொம்மை ஆகாது என்ற எண்ணம் தவறு. அவனுக்கும் அச்சமும் அழுகையும் உண்டல்லவா?

கவனம் தேவை

பொம்மையை வேவு பார்க்கும் கருவியாக்கக் கூடாது. அதனிடம் சொன்னதை அண்டை வீட்டாரிடம் கூறிச் சிரித்தால் பிள்ளை நம்பிக்கை இழந்துவிடும்.

மிகச் சிறிய பிள்ளைக்குப் பொம்மை தன்னைக் குறிக்கிறது என்பதும் விளங்காது. அமெரிக்காவில் 1995இல் டிலோச், மார்சால்ஃப் என்னும் இரு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டிற்று. தம் உடலில் வில்லை ஒட்டப்பட்ட இடத்தைப் பொம்மையில் காட்டச் சொன்னபோது சிறுவயதினர் பலர் தடுமாறினர். எனவே, விளையாட்டில் நடந்ததெல்லாம் வாழ்க்கையில் நடந்தது என்று முடிவு கட்டலாகாது.

அதே வேளையில், ஒருவர் தன்னை அடிப்பதாகவோ தகாத முறையில் தொடுவதாகவோ பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் அதனைப் புறக்கணிக்கவும் கூடாது. பொம்மையைக் காட்டித் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். ‘சொன்னது நல்லது. உன்மேல் தவறில்லை’ என்று தேற்றி, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு உடனே உதவி நாட வேண்டும். சிங்கப்பூரில் 1800-777-0000 என்ற எண்ணும், மலேசியாவில் 15999 என்ற எண்ணும் இதற்கென உள்ளன. பிள்ளையின் அச்சமோ துயரமோ வாரக்கணக்கில் நீடித்து, உணவும் உறக்கமும் கெடுமாயின் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

பொம்மை தானாக எதையும் குணப்படுத்துவதில்லை. பிள்ளை பேசும்போது அருகிலிருந்து கேட்கும் பெரியவரே மருந்து. பிள்ளையின் பசியறிந்து சோறிடும் பெற்றோர் அதன் மனமறிந்து செவி சாய்ப்பதும் கடமையன்றோ? இன்று மாலையே ஒரு துணிப் பொம்மையை எடுத்து, அதற்கொரு பெயர் சூட்டுமாறு உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். பிறகு பொறுமையுடன் கேளுங்கள்.