வாயிற்காப்போன் உள்ளே போனால்?

சென்னிமலைத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தறிச் சத்தம் புதிதன்று. பூ வேலைப்பாடுள்ள போர்வை நெய்யும் தறியின் மேலே, ஜக்கார்டு பெட்டியில், துளையிட்ட அட்டைகள் கோத்துத் தொங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? எந்தப் பாவு நூல் எழும்ப வேண்டும் என்பதை அத்துளைகளே முடிவு செய்கின்றன.

நம் உடலின் உயிரணுக்களிலும் இத்தகைய அட்டைக்கட்டு உண்டு. உட்கருவினுள் இருக்கும் டி.என்.ஏ.தான் அது. ஆனால், எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்ற கட்டளை பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. அதை வாங்கிக்கொள்ள உயிரணுவின் மேற்சவ்வில் சில புரதங்கள் நிற்கின்றன. இவை ஏற்பிகள் எனப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தோல் போன்ற திசுக்களை வளரத் தூண்டும் புரதம் ஒன்றை ஸ்டான்லி கோஹன் கண்டறிந்தார். இதற்காக 1986-இல் ரீட்டா லெவி மொண்டால்சினியுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தூண்டியை ஏற்கும் புரதத்தின் பெயர் இ.ஜி.எஃப். ஏற்பி. தூண்டி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. உயிரணுவின் உள்ளே நீண்டிருக்கும் அவற்றின் வால்களில் பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன. பிறகு செய்தி ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி உட்கருவை அடைகிறது. வாயிற்காப்போன் வாசலிலேயே நிற்கிறான். செய்தி மட்டும் உள்ளே போகிறது. வெகுகாலம் பாடநூல்கள் இவ்வளவே கூறின.

2001-இல் அமெரிக்காவில் மியன்-சீ ஹங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இந்த ஏற்பியே உட்கருவுக்குள் இருந்தது! உயிரணுப் பிரிதலை முடுக்கும் சைக்ளின்-டி1 மரபணுவின் தொடக்கப் பகுதியோடும் அது சேர்ந்திருந்தது. காப்போனே உள்ளே வந்து அட்டைகளில் கை வைத்தது போல!

சவ்வில் பதிந்த புரதம் எப்படி உள்ளே போகும்? சவ்வு உட்குழிந்து சிறு பையாகி ஏற்பியை உள்ளிழுக்கிறது. பின்னர் அது கோல்கி உறுப்பு, உள்சோற்று வலை வழியாகச் செல்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஏற்பியின் மேல் ஒரு முகவரிச் சீட்டும் உண்டு. இம்போர்டின் என்னும் புரதம் அதைக் கண்டுகொண்டு, உட்கருத் துளை வழியே சேர்க்கிறது. டி.என்.ஏ.வை நேரே பற்றும் உறுப்பு ஏற்பிக்கு இல்லை; ஆகவே அங்கு ஸ்டாட்-3 போன்ற புரதங்களுடன் கூடிச் செயல்படுகிறது.

இதனால் நமக்கு என்ன என்கிறீர்களா? புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் மிகுந்த நாடு நம்முடையது. அப்புற்றுகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஏற்பி அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை, டி.என்.ஏ.வை உடைத்துப் புற்றணுவைக் கொல்கிறது. ஆனால் கதிர் பட்டதும் ஏற்பி உட்கருவுக்கு விரைந்து, உடைந்த டி.என்.ஏ.வைச் செப்பனிடும் நொதிக்குத் துணை போவதை 2005-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டனர். நோயாளியைக் காக்க வந்த கதிரிலிருந்து புற்றணு தப்ப இதுவும் ஒரு வழி.

கதிரோடு மருந்தையும் சேர்த்தால் பலன் கூடும் என்பதை, இச்செய்தி தெரியாத காலத்திலேயே, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் வாய்ப்புற்றில் ஆராய்ந்தார்கள். அவர்கள் சேர்த்த மருந்து பிளியோமைசின். இன்று ஏற்பியையே அடைக்கும் எதிர்ப்புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான நிமோட்டுசுமாப் 2006-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 536 தலை, கழுத்துப் புற்று நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. கதிர், சிஸ்பிளாட்டின் ஆகியவற்றோடு இதையும் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் கூடியது. உட்கருப் பயணம் தடைப்பட்டதே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வாசலில் செய்தி நின்றதும் காரணமாகலாம்.

வாசலை மட்டும் பூட்டினால் போதாது. முன்பே உள்ளே போய்விட்ட காப்போனையும் தேட வேண்டும். ஆய்வுக்கூடங்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். புகையிலையை வாயில் வைக்காதிருப்பது நம் கையில் உள்ளதல்லவா?