சித்தியின் 4,350 ரூபாய் பில்: மெனோபாஸ் ரத்தப் பரிசோதனையில் எது தேவை, எது வீண் செலவு?

ஹெல்த் இன்சூரன்ஸ் வெயிட்டிங் பீரியட் பத்தின வீடியோவில், "எங்க சித்தி விஷயத்தைத் தனியா எழுதறேன்"னு சொல்லியிருந்தேன். சித்திகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேரை மட்டும் போடாத, மத்தபடி எழுது, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்"னு சொல்லிட்டாங்க.

சித்திக்கு 47 வயசு. ஏரல் பஜாரில் சித்தப்பாவுக்குப் பாத்திரக் கடை. கல்லாவில் உட்காருவது சித்திதான். 2025 ஆடி அமாவாசைக்கு, சேர்மன் அருணாசல சுவாமி கோயில் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு உட்கார்ந்ததும் சித்தி ஒரு கவரை எடுத்துட்டு வந்தாங்க.

"ஏட்டி, நீ ஆடிட்டர்தான? இந்த பில்லை வச்சு உங்க சித்தப்பாவுக்கு டேக்ஸுல ஏதாவது குறையுமான்னு பாரு."

லேப் பில். மொத்தம் 4,350 ரூபாய். பெண்களுக்கான ஹார்மோன் பேக்கேஜ்.

கேட்ட கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில், முன்னெச்சரிக்கை உடல் பரிசோதனைக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய் வரை கழிக்கலாம். இது ஆளுக்கு 5,000 கிடையாது. நீங்க, உங்க கணவர் அல்லது மனைவி, உங்களைச் சார்ந்த பிள்ளைகள், அப்பா அம்மா எல்லாருக்கும் சேர்த்தே 5,000தான். அதுவும் பிரீமியத்துக்கான 25,000 வரம்புக்குள்ளேயே அடங்கும். இன்சூரன்ஸ் பிரீமியத்தை ரொக்கமா கட்டினா கழிவு கிடையாது, ஆனா இந்தப் பரிசோதனைக்கு மட்டும் ரொக்கமா கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. அக்கா, தங்கை, சித்தி, அத்தை யாரும் இந்தப் பட்டியலில் வர மாட்டாங்க. அதனால சித்திக்காக நான் பணம் கட்டியிருந்தா எனக்குக் கழிவு கிடைக்காது. சித்தப்பா கட்டினா அவருக்குக் கிடைக்கும்.

ஆனா இதெல்லாம் பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு. சித்தப்பா புதிய முறைக்கு வந்துட்டார். அதனால பூஜ்யம். "அப்ப பழைய முறைக்கே மாத்திரலாமா?"ன்னு சித்தி கேட்டாங்க. வியாபார வருமானம் இருக்கிறவங்க அப்படி நினைச்ச நேரம் போய்ட்டு வர முடியாது, அதுக்கு 10-ஐஇஏ ஃபார்ம் இருக்கு, திரும்பி வர ஒரே ஒரு வாய்ப்புதான். 20 சதவீத ஸ்லாப்ல இருக்கிற ஒருத்தருக்கு 5,000 கழிச்சா செஸ்ஸோட சேர்த்து மிச்சம் 1,040 ரூபாய். அதுக்காக யாரும் முறையை மாத்த வேண்டாம்.

டேக்ஸ் விஷயம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சது. நான் பில்லை மடிச்சுக் கொடுத்திருந்தா கதையும் அதோட முடிஞ்சிருக்கும். பழக்கதோஷம், வரி வரியா படிச்சேன். எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், எஸ்ட்ராடியால், புரோஜெஸ்ட்ரோன், புரோலாக்டின், ஏஎம்ஹெச், டெஸ்டோஸ்டிரோன், வைட்டமின் டி. எட்டு டெஸ்ட். எல்லாம் "நார்மல்".

"எதுக்கு சித்தி இதை எடுத்தீங்க?"

அப்பத்தான் சொன்னாங்க. எட்டு மாசமா பீரியட்ஸ் ஒழுங்கில்ல. சில மாசம் ரெண்டு தடவை வருது, வந்தா ஒன்பது பத்து நாள் நிக்கிறதில்ல. ராத்திரி திடீர்னு உடம்பு குப்புனு சூடாகி வேர்க்குது, தூக்கம் போயிடுது. முடி கொட்டுது. கடை மாடியில் இருந்து ஒரு குத்துப்போணி எடுத்துட்டு இறங்கினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது. போன்ல விளம்பரம் பார்த்து, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்கன்னு பேக்கேஜ் போட்டிருக்காங்க. ரிப்போர்ட்டைப் பார்த்த ஒருத்தர் "ஹார்மோன் எல்லாம் நார்மல், உங்களுக்கு மெனோபாஸ் இல்ல"ன்னுட்டார். அதனால சித்தி டாக்டர்கிட்டயே போகல.

நான் டாக்டர் இல்ல. ஆனா ஒரு கணக்கு எதைக் காட்டும், எதைக் காட்டாதுன்னு பார்க்கிறது என் தொழில். அதனால படிச்சேன், அப்புறம் எங்க டாக்டர்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

மெனோபாஸ்ங்கிறது பீரியட்ஸ் தொடர்ந்து 12 மாசம் வராம இருந்த பிறகு, பின்னால திரும்பிப் பார்த்துச் சொல்ற விஷயம். நம்ம நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியா 46, 47 வயசை ஒட்டி வருது. மேலை நாடுகளில் 51 வாக்கில். அதுக்கு முந்தின சில வருஷங்களுக்குப் பேருதான் பெரிமெனோபாஸ். சூலகம் வேலையைக் குறைக்கும்போது, "இன்னும் கொஞ்சம் வேலை பாரு"ன்னு மூளைக்குக் கீழே இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அனுப்புற உத்தரவுதான் எஃப்எஸ்ஹெச். சூலகம் சொன்னதைக் கேட்காதப்ப அந்த அளவு ஏறும். பீரியட்ஸ் முழுசா நின்ன பிறகு ஏறின அளவு ஏறினபடியே இருக்கும். ஆனா பெரிமெனோபாஸ் காலத்துல சூலகம் ஒரு மாசம் வேலை பார்க்கும், அடுத்த மாசம் படுத்துக்கும். அதனால எஃப்எஸ்ஹெச் இந்த மாசம் 8 காட்டும், அடுத்த மாசம் 35 காட்டும், அதுக்கடுத்த மாசம் திரும்ப 10-க்கு வந்துடும். ஒரு கடையோட பேங்க் பேலன்ஸை ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் பார்த்துட்டு வருஷ லாபத்தைச் சொல்ற மாதிரிதான் இது.

இதனாலதான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-ல் வெளியிட்ட மெனோபாஸ் வழிகாட்டுதல், 45 வயசைத் தாண்டின பெண்ணுக்கு அறிகுறிகளையும் பீரியட்ஸ் மாற்றத்தையும் வச்சே முடிவு பண்ணுங்க, எஃப்எஸ்ஹெச் எடுக்காதீங்கன்னு டாக்டர்களுக்குச் சொல்லுது. எஸ்ட்ராடியால், ஏஎம்ஹெச் ரெண்டுக்கும் அதே பேச்சுதான். ஏஎம்ஹெச் பெரும்பாலும் குழந்தைப்பேறு சிகிச்சையில் முட்டை இருப்பைக் கணிக்க உதவுற டெஸ்ட். 47 வயசு சித்தியோட பேக்கேஜில் விலை கூடின ஐட்டம் அதுதான்.

இன்னொரு விஷயம் தோண்டித்தான் வந்தது. கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் பீரியட்ஸைத் தள்ளிப்போட மாத்திரை போடுற பழக்கம் நம்ம ஊர்ல எல்லா வீட்டிலும் உண்டு. சித்தியும் போட்டிருந்தாங்க. அந்த மாத்திரையே ஒரு ஹார்மோன்தான். அதைப் போட்டுக்கிட்டிருந்த வாரத்துலயே ரத்தம் கொடுத்திருக்காங்க. மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களான்னு யாரும் கேட்கல. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரையும் ஓடிக்கிட்டிருந்தது. பயோட்டின் அதிகமா எடுத்தா தைராய்டு உட்பட சில ஹார்மோன் டெஸ்ட் ரிசல்ட்டே தப்பா வரலாம்னு அமெரிக்க எஃப்டிஏ 2017-லேயே எச்சரிச்சிருக்கு. முடிக்கு மாத்திரை சாப்பிடறவங்க லேப்லயும் டாக்டர்கிட்டயும் கண்டிப்பா சொல்லுங்க, டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க.

அப்ப ரத்தப் பரிசோதனையே வேண்டாமான்னா, வேணும். கேட்க வேண்டிய கேள்வி வேற. "எனக்கு மெனோபாஸா?"ன்னு ரத்தத்தைக் கேட்கிறதை விட, "மெனோபாஸ் மாதிரியே தெரியுற வேற எதுவும் உள்ள இருக்கா?"ன்னு கேட்கணும். களைப்பு, படபடப்பு, முடி கொட்டுறது, தூக்கமின்மை, எடை ஏறுறது எல்லாத்துக்கும் தைராய்டும் காரணமா இருக்கலாம், ரத்தசோகையும் காரணமா இருக்கலாம். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவங்க. அதனால டாக்டர்கள் வழக்கமா முதல்ல எழுதுறது சிபிசி, ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச், சர்க்கரை. கொழுப்பும் பார்ப்பாங்க, ஏன்னா இந்த வயசுக்கு மேல பெண்களுக்கு இதயநோய் அபாயம் கூடுது. பீரியட்ஸ் தள்ளிப்போயிருந்தா ஒரு கர்ப்பப் பரிசோதனை. சிரிக்காதீங்க, பெரிமெனோபாஸ் காலத்துல கர்ப்பம் தரிக்கிறது நடக்கிற விஷயம்தான்.

சித்தியோட எட்டு டெஸ்டில் சிபிசி இல்ல. 4,350 ரூபாய் பேக்கேஜில் ஹீமோகுளோபின் இல்ல!

ஆகஸ்ட் முதல் வாரம் தூத்துக்குடியில் ஒரு மகப்பேறு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரிப்போர்ட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சித்தியோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிபிசி, ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச், சர்க்கரை, மொத்தம் 1,480 ரூபாய். ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனா ரத்தசோகை, 8-க்குக் கீழே போனா கடுமையான ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனத்தோட அளவுகோல். தைராய்டு சரியா இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. பெரிமெனோபாஸும் இருக்கு, அதை டாக்டர் பேசியே சொல்லிட்டார், எஃப்எஸ்ஹெச் ரிப்போர்ட்டைப் புரட்டக்கூட இல்ல. ராத்திரி வேர்க்கிறது அதனால. மூச்சு வாங்குறது ரத்தம் இல்லாததால.

(சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி மட்டும் பார்க்கிறவங்களுக்கு ஒரு தகவல்: இரும்புச்சத்துக் குறைவு இருந்தா அது உள்ளதை விட கூடுதலாக் காட்டலாம். சித்திக்கு டாக்டர் வெறும் வயித்துல சர்க்கரை பார்த்தது அதனாலதான்.)

இதே ரத்தப் பரிசோதனையை ஸ்ரீவைகுண்டம் அரசு மருத்துவமனையிலோ தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ எடுத்திருந்தா அந்த 1,480-ம் மிச்சம். சித்திகிட்ட அதைச் சொன்னா, "கடையை யாரு பார்ப்பா?"ங்கிறாங்க. அரை நாள் வியாபாரத்தைக் கணக்குப் போட்டா அவங்க சொல்றதும் நியாயம்தான்.

எஃப்எஸ்ஹெச் உண்மையிலேயே வேண்டியவங்களும் இருக்காங்க. 40 வயசுக்குள்ள பீரியட்ஸ் நின்னுபோச்சு அல்லது மாசக்கணக்கில் வரலன்னா, "எங்க அம்மாவுக்கும் சீக்கிரம் நின்னுச்சு"ன்னு விட்டுடாதீங்க. சூலகம் முன்கூட்டியே செயலிழக்குதான்னு பார்க்க எஃப்எஸ்ஹெச் எடுப்பாங்க, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் இடைவெளியில் இன்னொரு தடவையும் எடுத்து உறுதி பண்ணுவாங்க. அதைக் கவனிக்காம விட்டா எலும்பும் இதயமும் பின்னாடி விலை கொடுக்கும். 40-லிருந்து 45-க்குள்ள இருக்கிறவங்களுக்கு டாக்டர் தேவைன்னு நினைச்சா எழுதுவார். கர்ப்பப்பையை எடுத்துட்டவங்களுக்கு பீரியட்ஸ் என்ற அடையாளமே இல்லாததால அங்கேயும் இது உதவலாம்.

எந்த ரத்தப் பரிசோதனையும் பிடிக்காத ஒண்ணு இருக்கு. ஒரு வருஷம் முழுசா நின்ன பிறகு மறுபடி ரத்தக் கசிவு, ஒரு சொட்டா இருந்தாலும், உடனே டாக்டர். அங்கே தேவைப்படுறது ஸ்கேன், வேணும்னா கர்ப்பப்பை உள்சுவரில் திசு எடுத்துப் பார்க்கிறது. புற்றுநோய் இல்லன்னு உறுதி பண்றதுக்காக. பேக்கேஜ் தேடிக்கிட்டு இருக்கக் கூடாது.

இப்ப இன்சூரன்ஸ். எனக்கு வயித்தெரிச்சல் இங்கதான்.

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி வெள்ளம் ஏரலுக்குள்ள வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடையில் இடுப்புக்கு மேல தண்ணி. அலுமினியம் தப்பிச்சது, மத்த சரக்கு, பில் புக், ஃபர்னிச்சர் எல்லாம் சேறு. அடுத்த மாசம் ஹெல்த் பாலிசி ரினியூவல். கையில் பணம் இல்ல, சித்தப்பா விட்டுட்டார். 30 நாள் கிரேஸ் பீரியடும் போச்சு. ஆறு வருஷமா ஓடின பாலிசி. 2024 நவம்பரில் புதுசா எடுத்தாங்க. புதுசுன்னா எல்லா வெயிட்டிங் பீரியடும் முதல்ல இருந்து. ஃபைப்ராய்டு, கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை ரெண்டும் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாசக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும். அவங்க பாலிசியிலும் இருக்கு. ஆக 2026 நவம்பர் வரைக்கும் அந்த ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய் வராது. பழைய பாலிசி ஓடிக்கிட்டிருந்தா இந்தப் பேச்சே இல்ல. நான் ஆடிட்டரா இருந்துக்கிட்டு அந்த ஜனவரியில் ஒரு போன் போட்டுக் கேட்கலங்கிறது எனக்கே உறுத்தல்.

உங்க வீட்டில் 40 தாண்டின பெண்கள் இருந்தா பாலிசியை எடுத்து மூணு இடம் மட்டும் பாருங்க. குறிப்பிட்ட நோய்களுக்கான வெயிட்டிங் பீரியட் பட்டியல். வருஷாந்திர ஹெல்த் செக்கப் சலுகை, நிறைய பாலிசியில் இது இருக்கும், யாரும் பயன்படுத்துறதில்ல, சிபிசி பெரும்பாலும் அதிலேயே வந்துடும். அப்புறம் அட்மிஷனுக்கு முந்தின செலவு எத்தனை நாளுக்குன்னு, 30 அல்லது 60 நாள். வெளியே எடுத்த டெஸ்டுக்கு சாதாரண பாலிசி பணம் தராது, ஆனா அதே நோய்க்கு அந்த நாட்களுக்குள்ள அட்மிட் ஆனா அந்த பில்லையும் சேர்த்துக் கேட்கலாம். அதனால லேப் பில்லைத் தூக்கிப் போடாதீங்க. கம்பெனி பிடிக்கலன்னா போர்ட் பண்ணுங்க, காத்திருந்த காலம் கூடவே வரும்.

புதுசா பாலிசி எடுக்கப் போறவங்க, கையில் இந்த மாதிரி ரிப்போர்ட் இருந்தா மறைக்காதீங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாசம்னு ஐஆர்டிஏஐ 2024-ல் குறைச்சிருக்கு. சொல்லிட்டு மூணு வருஷம் காத்திருக்கலாம். மறைச்சா கிளெய்ம் நேரத்துல லேப் ரிப்போர்ட் தேதியே காட்டிக் கொடுத்துடும்.

சித்திக்கு டாக்டர் முதல்ல இரும்புச்சத்தை ஊசியா ஏத்தினார், ரத்தப்போக்கு குறைய மாத்திரை கொடுத்தார். அக்டோபரில் ஹீமோகுளோபின் 10.9. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன்னு சொல்லியிருக்கார். கட்டி வளராம இருந்தா நல்லது. வளர்ந்தா 2026 நவம்பருக்கு முன்னாடியா பின்னாடியாங்கிறதைப் பொறுத்து செலவு யார் கையில்னு தெரியும். அதுக்காக சித்தப்பா பேர்ல ஒரு ரெக்கரிங் டெபாசிட் போட வச்சிருக்கேன், மாசம் 5,000.

போன வாரம் சித்தி போன் பண்ணினாங்க. "ஏட்டி, இந்த இரும்புச்சத்து மாத்திரை பில்லாவது கழிக்கலாமா?"

கழிக்க முடியாது சித்தி. பில்லை மட்டும் அந்தக் கவரிலேயே போட்டு வைங்க.